ஊர்க்கண்ணும் கடவுள் நம்பிக்கையும்: 1745 சம்பா கோவில் சுவரை முன்வைத்து

கிறிஸ்தவன் கடவுளை நம்புகிறவன் என்பது அவன் நடையிலும் முகத்திலும் தெரிய வேண்டும், பிற மதத்தார் அதைப் பார்த்து வியக்க வேண்டும் என்று பிரசங்கங்களில் அடிக்கடி சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்க்கிறவன் யார்? எந்தத் தெருவில் நின்றுகொண்டு பார்க்கிறான்? எவனுடைய முகத்தைப் பார்க்கிறான்? இதையெல்லாம் கேட்காமல் நம்பிக்கை, சாட்சியம் என்று பேசிக்கொண்டிருப்பது வரலாற்றைப் பாய்க்கு அடியில் தள்ளுகிற வேலை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தின் 400 ஆண்டு வரலாற்றில் ‘மத்தவங்க நம்மள எப்படிப் பாப்பாங்க’ என்ற கவலை பெரிய வேலை செய்திருக்கிறது. கோவிலுக்குள் சுவர் எழுப்பியது அந்தக் கவலைதான். அந்தச் சுவரைக் கேள்வி கேட்டவர்கள் கடவுளின் பெயரால் கேட்டார்கள். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

மிஷன் வீதியில் இன்று நாம் பார்க்கிற ஜென்மராக்கினி மாதா கோவில் 1791இல் கட்டி முடிக்கப்பட்டது. அதே இடத்தில் அதற்கு முன்பிருந்த சேசுசபையாரின் கோவில், 1761இல் ஆங்கிலேயர் நகரத்தைத் தரைமட்டமாக்கியபோது அழிந்துபோனது. ஊர் வழக்கில் அதற்குச் சம்பா கோவில் என்று பெயர். சேன் போல் என்ற பிரெஞ்சுப் பெயர் நம் வாயில் சம்பா ஆனது. இன்றும் கிழவர் கிழவிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். அழிந்துபோன அந்தப் பழைய கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்களும் வெள்ளைக்காரர்களும். பூசை ஒன்று, பீடம் ஒன்று, நடுவில் சுவர்.

1745 அக்டோபரில் இந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இது நமக்குத் தெரியவருவது சபையாரின் ஆவணத்திலிருந்து அல்ல, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து. பறையர் கிறிஸ்தவர்கள் கூட்டமாகப் பெரிய சாமியாரிடம் போனார்கள். அவர்கள் வைத்த வாதத்தைப் பிள்ளை பதிவு செய்திருக்கிறார். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, ஆண்டவர் தன்னைக் கும்பிடுகிறவர்களிடையே வித்தியாசம் வைக்கவில்லையே, அப்படியிருக்கச் சாதிக்காரர்களின் பேச்சைக் கேட்டு எங்களை மட்டும் ஏன் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள் என்பது அதன் சாரம். சாமியாருக்குப் பதில் இல்லை. கேட்பது நியாயம் என்று ஒப்புக்கொண்டு சுவரை எடுக்கச் சொன்னார்.

அவர்களை யாரோ தூண்டிவிட்டார்கள் என்று சொல்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள், இன்றும் இருக்கிறார்கள். சேரியிலிருந்து ஒரு கேள்வி எழும்பினால் கேட்டவனை விட்டுவிட்டுத் தூண்டியவனைத் தேடுவதுதான் வழக்கம். தூண்டினவர் இருந்தால் இருக்கட்டும். சுவருக்குப் பின்னால் நின்று பூசை கண்டவர்களுக்கு அது சுவர் என்று இன்னொருத்தர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

சுவர் போன பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். எல்லாரும் கலந்து நின்றார்கள். அந்தக் கூட்டத்துக்குள் தலைமைத் துபாஷ் கனகராய முதலியாரின் உறவுக்காரப் பெண்மணி ஒருவர், தன் சாதி வழக்கப்படி நகையும் மெல்லிய சேலையும் வாசனையுமாக வந்து முழங்காலிட்டார். சாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, குடும்பப் பெண் இப்படியா வருவது என்று கேவலமாகப் பேசினார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்து சாமியாரோடு கைகலப்பு வரை போனார்கள். விவகாரம் குவர்னர் துய்ப்ளேக்ஸிடம் சென்றது. ஒரு பெண்ணை நாலுபேர் நடுவில் அவமானப்படுத்தியது சமத்துவம் ஆகாது. அந்தச் சாமியாரைப் புரட்சிக்காரராக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆனால் சுவர் இருந்த காலமெல்லாம் பறையர் பெண்கள் அந்தக் கோவிலில் பட்ட அவமானத்துக்கு எவரும் கொதிக்கவில்லை. முதலியார் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நாள் பட்டதும் குவர்னர் மாளிகை வரை கேட்டது. சாதியின் காது அப்படித்தான் கேட்கும்.

இதையெல்லாம் எழுதியவர் நடுநிலைக்காரர் அல்ல. ஆனந்தரங்கப் பிள்ளை வைணவர். அவருடைய உறவினரான நைனியப்ப பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தவர். அந்த வேலையைக் கிறிஸ்தவர் ஒருவருக்குத்தான் தர வேண்டும் என்று சேசுசபையார் நெருக்கினார்கள். நைனியப்பர் 1716இல் கைதாகி, மறு ஆண்டு சிறையிலேயே இறந்தார். பின்னாளில் அவர்மீதான தீர்ப்பு செல்லாது என்றானது. ஆக, பிள்ளைக்குச் சாமியார்கள்மீதும் கனகராய முதலியார்மீதும் பழைய கணக்கு உண்டு. பறையர்மீது அவருக்குப் பரிவு கிடையாது, அவரும் சாதிக்காரர்தான். அப்படிப்பட்ட ஒருவர், கிறிஸ்தவர்களுக்குள் நடந்த சண்டையை வேடிக்கை பார்க்கிற தொனியில் எழுதும்போதுகூட, பறையர்கள் கேட்ட கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. ‘வெளியார்’ பார்வையில் கிறிஸ்தவம் எப்படித் தெரிந்தது என்று கேட்டால் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். ஒரு கூட்டம் கடவுளைச் சொல்லி நியாயம் கேட்டது. இன்னொரு கூட்டம் அதே கடவுளின் கோவிலுக்குள் தன் கௌரவத்துக்காகச் சண்டை போட்டது. இரண்டையுமே அந்த வைணவர் பார்த்தார்.

அந்தச் சுவர் கோவிலுக்குள் எப்படி வந்தது? இதற்குப் பதில் மதுரையிலிருந்து தொடங்குகிறது. 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது கிறிஸ்தவம் ‘பரங்கி மார்க்கம்’ என்று பெயரெடுத்திருந்தது. பரங்கி என்றால் மாடு தின்பவன், குடிப்பவன், பறையரோடு புழங்குபவன். ஊர்க்கண்ணுக்கு இந்த மூன்றும் ஒரே குற்றம். நொபிலி காவி கட்டினார், பூணூல் போட்டார், பிராமணச் சமையற்காரர் வைத்துக்கொண்டார், நான் பரங்கி அல்ல என்றார். தமிழும் வடமொழியும் கற்ற பெரும் படிப்பாளி என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவர் வகுத்த வழியில் சேரிக்கு இடமில்லை. சேரிக்குப் போகப் பின்னால் ‘பண்டாரசாமிகள்’ என்று தனி வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். பிராமண சந்நியாசியாக வாழ்ந்த சாமியார் சேரிக்குள் கால் வைக்க முடியாது. பறையர் ஒருவர் சாகக் கிடந்தால் அவரை வெளியே தூக்கி வந்துதான் அவஸ்தை பூசுதல் பெற வேண்டும்.

இதை நியாயப்படுத்தியவர்கள் ஒரே காரணத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: நாங்கள் சேரிக்குள் போனால் மேல்சாதியார் நம் வேதத்தை மதிக்க மாட்டார்கள், எவரும் மனந்திரும்ப மாட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஊர்க்கண். கடவுளின் வார்த்தைக்குத் தன்னால் நிற்கிற சக்தி உண்டு என்ற நம்பிக்கை இவர்களிடம் இருந்ததா? உலகெங்கும் போய்ச் சொல் என்று அனுப்பப்பட்டவர்கள் சேரியின் எல்லையில் செருப்பைக் கழற்றிக்கொண்டு திரும்பினார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு எதிராக உரோமையிலிருந்தே ஒரு அடி விழுந்தது. அது விழுந்த இடமும் புதுச்சேரிதான். போப்பாண்டவரின் தூதரான தெ தூர்னோன் 1703 நவம்பரில் இங்கே கரையிறங்கி, 1704 ஜூனில் ஒரு கட்டளை பிறப்பித்தார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக்கூடாது, திருநீறு கூடாது, பெண் பருவமடைவதைக் கொண்டாடக்கூடாது, கிறிஸ்தவ மேளக்காரர்கள் பிற கோயில்களில் வாசிக்கப் போகக்கூடாது என்று நீண்ட பட்டியல். அந்தப் பட்டியலில் ஒன்று: நோயாளிப் பறையரின் வீட்டுக்குச் சாமியார் போகத்தான் வேண்டும். நம் மக்களின் சடங்கையும் பிழைப்பையும் ஐரோப்பியக் கண்ணால் அளந்த ஆணை அது என்பது உண்மை. மேளக்காரர் கோயிலுக்குப் போகாவிட்டால் ஊரான் விடுவானா, விட்டாலும் சோற்றுக்கு என்ன வழி என்பதை அது யோசிக்கவில்லை. ஆனாலும் சாமியார்கள் மிகக் கடுமையாக எதிர்த்த விதிகளில் இந்தச் சேரி விதியும் ஒன்று. நாற்பதாண்டு வழக்காடினார்கள். 1744 செப்டம்பரில் பதினான்காம் ஆசீர்வாதப்பர் கொடுத்த இறுதி ஆணை பெரும்பாலும் தூர்னோன் பக்கமே நின்றது. ஆனால் பறையருக்கென்று தனிக் குருக்களை நியமித்துக்கொள்ள இடம் கொடுத்தது. சேரிக்குப் போகத்தான் வேண்டும், ஆனால் எல்லாச் சாமியாரும் போக வேண்டியதில்லை. அடுத்த ஆண்டுதான் சம்பா கோவில் சுவர் விழுகிறது. மேலே ஆணை அசைந்தபோது கீழே இருந்தவர்கள் தக்க சமயத்தில் தள்ளினார்கள் என்றே நான் படிக்கிறேன்.

சுவர் போய்ச் சில வாரங்களே ஆன நிலையில், அதே 1745 நவம்பரில், கனகராய முதலியார் உழவர்கரையில் தான் கட்டிய புனித பெலவேந்திரர் கோவில் திருநாளுக்கு ஊரைக் கூட்டி விருந்து வைத்தார். பிராமணர், வேளாளர், செட்டிகள், வெள்ளைக்காரர்கள் என்று எல்லாருக்கும் அழைப்பு. அவரவர் ஆசாரத்துக்குக் குறை வராதபடி தனித்தனி இடம், பிராமணச் சமையல், வெள்ளைக்காரருக்கு நகரத்திலிருந்து வேறு சாப்பாடு. இதையும் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். கோவிலில் ஒரு சுவர் போனது. விருந்துப் பந்தலில் எத்தனையோ சுவர்கள் முளைத்தன. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுவர்களை இடிக்கச் சொல்லி எந்தச் சாமியாரிடம் போவது? ஊர்க்கண்ணுக்குக் கனகராயர் அன்று நல்ல கிறிஸ்தவராகத் தெரிந்திருப்பார், அதாவது நல்ல முதலியாராக.

ஊர்க்கண்ணுக்குத் தெரிந்த இன்னொரு முகமும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசக்கூடாது. சம்பா கோவிலை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை அப்புறப்படுத்த வேண்டும் என்று சாமியார்கள் பல ஆண்டு முயன்றார்கள். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகையைச் சாக்காக வைத்து, துய்ப்ளேக்ஸ் ஆட்சியில் அது இடிக்கப்பட்டது. தன் கோவிலுக்குள் இருந்த சாதிச் சுவரை இடிக்க அரை மனசாக இருந்த நிறுவனம், அடுத்தவன் கோயில் சுவரை இடிக்க முழு மனசாக நின்றது. பரங்கி வேதம் அதிகார வேதம் என்று இந்த ஊரில் பெயர் பதிந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம். அந்தப் பெயரின் பாரத்தைப் பின்னாளில் சுமந்தவர்கள் குவர்னரும் சாமியாரும் அல்ல. ‘வெள்ளக்காரன் சாமிய கும்புடறவன்’ என்ற ஏச்சு சேரிக்காரனுக்குத்தான் வந்து சேர்ந்தது.

இங்கே அம்பேத்கரோடு ஒரு வாதம் செய்ய வேண்டியிருக்கிறது. தீண்டாதவர்கள் கிறிஸ்தவரானது பற்றி அவர் எழுதி, அவருக்குப் பின் அச்சில் வந்த கட்டுரைகளில் ஒரு கூர்மையான குற்றச்சாட்டு இருக்கிறது. உன் துன்பத்துக்குக் காரணம் சமூக அமைப்பு அல்ல, உன் பாவம் என்று கற்பிக்கிற மதம், மாறி வந்தவனின் போராடும் ஊக்கத்தைத் தூங்க வைத்துவிடுகிறது என்பது அது. இதை மறுக்க நம்மிடம் நிறையச் சான்று கிடையாது. பொறுத்துக்கொள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நமக்கு மட்டும் சொல்லப்பட்டது. சாதிக் கிறிஸ்தவனுக்கு அப்படி யாரும் சொன்னதில்லை. அவன் ஒரு நாளும் பொறுத்துக்கொண்டதில்லை, சாமியார் அங்கியையே பிடித்து இழுத்தான். பொறுமை என்கிற புண்ணியத்தைக்கூடச் சாதி பார்த்துத்தான் பங்கிட்டார்கள்.

ஆனால் நம்பிக்கை எல்லா இடத்திலும் தூக்க மருந்தாகவே வேலை செய்ததா? என் ஆயா எதற்கெடுத்தாலும் ‘சாமி பாத்துக்கும்டா’ என்று சொல்கிறவள். எங்கள் ஊர்ப் பங்குக் கோவிலில் அந்தோனியார் திருநாளுக்குச் சப்பரம் ஊர்த்தெரு மட்டும் சுற்றி வரும், எங்கள் தெருமுனையோடு திரும்பிவிடும். ஒரு வருஷம் எங்கள் தெருப் பொம்பளைங்க நாலு மூங்கிலைக் கட்டி, காகிதப் பூ ஒட்டி, வீட்டில் மாட்டியிருந்த அந்தோனியார் படத்தை எடுத்து வைத்து, தாங்களே தெருவைச் சுற்றி வந்துவிட்டார்கள். மறுநாள் பங்குச்சாமி கூப்பிட்டு, யார் உத்தரவு கொடுத்தது என்று கேட்டார். ஆயா சொன்னாளாம்: ‘சாமி, அவரு எங்க ஊட்டுக்கு வர்றதுக்கு யாரு உத்தரவு குடுக்கணும்? வருவாருன்னு நம்பித்தான தூக்கிப்புட்டம்.’ ‘சாமி பாத்துக்கும்’ என்று சொன்ன அதே வாய்தான். அவள் அகராதியில் அதற்கு ‘நீ சும்மா கிட’ என்று பொருள் இல்லை. சாமி எங்கள் பக்கம், ஆகவே இவர்களுக்கு நான் ஏன் பயப்பட வேண்டும் என்பதே பொருள். 1745இல் பெரிய சாமியாரிடம் போனவர்களின் நம்பிக்கையும் இந்த வகைதான் என்று எனக்குப் படுகிறது. அம்பேத்கரின் விமர்சனம் மிஷன் கற்பித்த நம்பிக்கைக்குப் பொருந்தும். சேரி தன் கையால் செய்துகொண்ட நம்பிக்கையை அதற்குள் முழுசாக அடைக்க முடியாது.

தோற்றத்தை மாற்றிக்கொண்டும் நம் மக்கள் முயன்று பார்த்தார்கள். 1881 செப்டம்பர் ஆணையின்படி, தன் சாதி சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர இங்கிருந்தவர்களுக்கு வழி கிடைத்தது. ‘ரெனோன்சான்’ என்று அவர்களுக்குப் பெயர். இதற்காக முன்னின்று வாதாடியவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் ஐரோப்பியச் செருப்போடு நீதிமன்றத்துக்குள் போகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்றவர், வேளாளக் கிறிஸ்தவர். அவருக்குச் செருப்பு பிரச்சினை. சேரியிலிருந்து போய்ப் பதிவு செய்தவர்களுக்குச் சாதியே பிரச்சினை. துறந்தவர்களில் பலர் கிறிஸ்தவர்களும் தலித்துகளும். புதுக் குடும்பப் பெயர் வாங்கினார்கள், சிப்பாய் வேலைக்கும் சைகோனுக்கும் போனார்கள். ஓய்வூதியமும் பிரெஞ்சுக் குடியுரிமையும் வந்தன. பெயரை வைத்துச் சாதி கண்டுபிடிக்க முடியாமல் போனபோது ஊர் தெருவை வைத்துக் கண்டுபிடித்தது.

சுவர்களின் கதை அதோடு முடியவில்லை. வடக்கன்குளத்தில் 1872இல் வேளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிக் கூடம் வைத்து, ஒரே பீடத்தில் சேரும்படி கோவிலையே கால்சட்டை வடிவில் கட்டினார்கள். 1910இல்தான் நடுத் தடுப்பு அகற்றப்பட்டது. நமக்குப் பக்கத்தில், புதுவை – கடலூர் உயர் மறைமாவட்டத்துக்கு உட்பட்ட எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். பொதுக் கோவிலில் சமமாக நடத்தப்படவில்லை, பொதுப் பாதையில் பிணம் கொண்டுபோக முடியவில்லை என்பதுதான் காரணம். 2008 மார்ச் 9ஆம் தேதி வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்களைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் செத்தார்கள். அதுவும் தவக்காலம். 2022இல் இதே உயர் மறைமாவட்டத்துக்குப் புதிய பேராயர் அறிவிக்கப்பட்டபோது, தலித் ஒருவரை ஏன் நியமிக்கவில்லை என்று தலித் கிறிஸ்தவர்கள் வீதிக்கு வந்தார்கள். திருச்சபையின் மானத்தை வெளியார் முன் வாங்குகிறார்கள் என்று அவர்கள்மீது குறை சொல்லப்பட்டது. பாருங்கள், மறுபடி அதே ஊர்க்கண். சாதி பார்ப்பது மானக்கேடு அல்ல, சாதி பார்க்கிறாய் என்று சத்தம் போட்டுச் சொல்வதுதான் மானக்கேடு.

அரசின் கண்ணும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதி ஆணை இந்துக்களை மட்டும் ஏற்றது. 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை வெளியே. புதுச்சேரிக்கு 1964இல் வந்த தனி ஆணையிலும் இதே மதக் கதவுதான். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இந்தக் கதவை எடுத்துவிடச் சொல்லியும் நடக்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்டவர் அவர். நான் இந்து என்றார். ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார், கோவிலுக்குப் போகிறார், ஆகவே கிறிஸ்தவர், சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தை ஏமாற்றுவது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. சட்டப்படி வாசித்தால் தீர்ப்பு அப்படித்தான் வரும். கோளாறு சட்டத்தில் இருக்கிறது. கடவுளை நம்புவது ஒரு பெண்ணுக்கு எதிரான சாட்சியமாகப் பதிவேட்டிலிருந்து எடுத்து வைக்கப்படுகிறது. பங்குக் கோவிலுக்குள் நுழைந்தால் சாதி தெரிகிறது, கடவுள் தெரியவில்லை. நீதிமன்றத்துக்குள் நுழைந்தால் கடவுள் தெரிகிறார், சாதி தெரியவில்லை. தலித் கிறிஸ்தவர் இரண்டு இடத்திலும் தோற்கிறார்.

ஆகவே கடவுள் நம்பிக்கை கிறிஸ்தவரைப் பிறர் கண்ணில் எப்படிக் காட்டுகிறது என்ற கேள்விக்கு இந்த ஊரின் வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. பிறர் கண்ணுக்குப் பயந்தவர்கள் சுவர் கட்டினார்கள், பந்தியைப் பிரித்தார்கள், சப்பரத்தைத் தெருமுனையோடு திருப்பினார்கள். கடவுளை நம்பினவர்கள் போய் நியாயம் கேட்டார்கள். வெளியார் ஒருவர் எழுதி வைக்கத் தக்கதாக இருந்தது அந்தக் கேள்விதான். சாந்தமாக, புன்னகையாக, பணிவாக இருப்பது மட்டுமே விசுவாசத்தின் அடையாளம் என்று நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியில் சொல்லித்தரும்போது, 1745இல் நடந்ததையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பிள்ளையின் நாட்குறிப்பில் முதலியார்களுக்குப் பெயர் இருக்கிறது, குவர்னருக்குப் பெயர் இருக்கிறது. சுவரை இடிக்கச் சொன்னவர்களுக்குச் சாதிப் பெயர் மட்டும் இருக்கிறது. படிக்கிற தோழர்கள் பங்குக் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கல்லறைகளையும் சப்பரம் போகிற, போகாத தெருக்களையும் ஊர் ஊராகக் குறித்தெடுங்கள். ஆயாக்கள் சாவதற்கு முன்னால் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். நம்மவர்களின் நம்பிக்கைக்கு இன்னொரு துபாஷ் வந்துதான் சாட்சி எழுத வேண்டும் என்று காத்திருக்க முடியாது.